ஸ்வெட்டருக்கு மேல் சுற்றிய பட்டை

வடகவுஞ்சிப் பக்கம் ஒரு சின்ன கிளினிக்கில் நான் நர்ஸ். மலைக்குளிரில் நடுங்கி வருகிறவர்களின் ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்ல அப்போதெல்லாம் எனக்கு மனசு வராது. பிரஷர் பார்க்கும் பட்டையை அதன் மேலேயே சுற்றிவிடுவேன். தப்புதான்.

ப்ளஸ் டூ படிக்கும் ஒரு பெண் தலைசுற்றல் என்று இரண்டு தடவை வந்தாள். கூடவே அத்தை மகன் என்று ஒருவன். எதைக் கேட்டாலும் அவனே பதில் சொல்வான். "சரியா சாப்பிட மாட்டேங்குறா சிஸ்டர்." எவ்வளவு அக்கறை என்று நினைத்தேன். "குடுத்து வச்சவ நீ" என்று அவளிடமே சொன்னேன்.

மூன்றாவது தடவை, போன் வந்து அவன் வெளியே போனான். பட்டை நழுவிக்கொண்டே இருந்ததால் ஸ்வெட்டர் கையை மேலே ஏற்றினேன். முழங்கைக்கு மேல் ஐந்து விரலும் பதிந்து கன்றிப்போயிருந்தது.

"யாரும்மா இப்படிப் பண்ணது?"

அவள் கதவைப் பார்த்தாள். "அத்தை மகனெல்லாம் இல்லக்கா. லவ் பண்றோம். போன் எடுக்க லேட்டானா இப்படித்தான்."

"ஏம்மா இத்தனை நாள் சொல்லல?"

"நீங்க அவன்கிட்டதானக்கா கேட்டீங்க."

என் நம்பரை எழுதிக் கொடுத்தேன். "பையைப் பாப்பான்க்கா" என்று திருப்பித் தந்தாள். அவன் வரும் சத்தம் கேட்டதும் வெரசாக ஸ்வெட்டர் கையை இறக்கிக்கொண்டாள். அவன் முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் நான் ரிஜிஸ்டரில் குனிந்து எழுதினேன்.

பிறகு அவள் வரவில்லை. ரிஜிஸ்டரில் அவளுக்கென்று கொடுத்திருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். எடுத்தது அவன்.

இப்போது ரூமில் ஹீட்டர் இருக்கிறது. துணைக்கு வந்தவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லி, வந்தவரிடமே எல்லாம் கேட்கிறேன். ஆனாலும் அந்த ரிஜிஸ்டரில், அவள் பேருக்கு நேரே, மூன்று தடவையும் என் கையெழுத்தில் 'நார்மல்' என்றே இருக்கிறது.