ரோஸ் பெயிண்ட் அடித்த ஏழு பெண்கள்

ஊர்க் கல்யாணங்களில் வாசலில் நின்று பன்னீர் தெளிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். பந்தியில் பக்கத்தில் உட்காரச் சொல்ல மாட்டார்கள். அப்பா மில்லில் மிஷின் பூட்ட வந்த வெள்ளைக்காரர். பூட்டி முடித்ததும் கப்பலேறிவிட்டார். அம்மா மேலூர்ப் பக்கம், கூலிக்கு நாற்று நட்ட வீட்டுப் பெண். ஆக, என் தோல் வாசலுக்கு ஆகும், என் சாதி இலைக்கு ஆகாது. இந்த மாதிரிப் பங்கு பிரிப்பதில் மதுரைக்காரர்களை மிஞ்ச ஆளில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் மண்ணில் ஏழு பெண்களைச் செய்தேன். இடுப்பு உயரம், உள்ளே வெறும் கூடு. கண் வைக்கவில்லை, பூச்சு பூசவில்லை. திருவாதவூரில் ஒரு சூளையில் சுட்டேன். தீ பட்ட இடம் செங்கல், புகை அடைந்த இடம் கரி, நடுவில் சாம்பல் பூத்த தேமல். ஒரே மண், ஒரே தீ. ஒருத்தி தோளில் மூன்று நிறம். கண்ணாடியில் பார்க்கக் கூசிய என் உடம்பை முதல் தடவையாக வெளியே நின்று பார்த்தேன். அந்த நிறத்துக்காகத்தான் அவ்வளவு பாடும். நிறம் போனால் அவை வெறும் பொம்மை.

காளவாசல் பக்கம் ஒரு மண்டபத்தில் கலைக் கண்காட்சி. நானும் உடம்பெல்லாம் களிமண் பூசி, எட்டாவது ஆளாக, அது காய்ந்து வெடித்து உதிரும்வரை பேசாமல் உட்காருவதாக ஏற்பாடு. சிலைகளை முந்தின நாளே ஒப்படைத்திருந்தேன். காலையில் களிமண் வாளியோடு போனால், ஏழு பேரும் ரோஸ் நிறத்தில் பளபளக்கிறார்கள். எனாமல் பெயிண்ட். சிவந்த உதடு, உருட்டி விழிக்கும் கண், இடுப்பில் மஞ்சள் துணி.

கண்காட்சிச் செயலாளர் பெருமையோடு வந்தார். கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்.

“ஏழு கன்னிமாரைக் கண்ணு தெறக்காம வைக்கலாமா தாயி? கோபுரத்துக்கு வர்ணம் அடிக்கிற ஆளக் கூட்டியாந்து முடிச்சிட்டேன்.”

“இது கன்னிமார் இல்ல சார். ஏழு பொம்பளைங்க.”

“ஏழு பொம்பள சேந்து நின்னா கன்னிமார்தானம்மா? அதுவும் கருப்பா, திட்டுத் திட்டா… இப்பப் பாருங்க, அப்படியே உங்க கலரு!”

என் கலர். கற்பூரம் காட்டிக் கும்பிட்டால் ஒழிய ஒரு பெண்ணுடம்பை நேருக்கு நேர் பார்க்கத் தெரியாத ஊர். ரோஸ் பூசிய பிறகே மனுஷி என்று ஒப்புக்கொள்ளும் கண்கள். படித்த கண்கள் வேறு.

சண்டை போடவில்லை. மண்ணைப் பூசிக்கொண்டு அந்த ஏழு சிலைகளின் நடுவே உட்கார்ந்தேன். செயலாளர் வந்தவர்களுக்கு விளக்கினார்: “இவுகளுக்கு வெள்ளைக்கார ரத்தம். அதான் பொம்மையெல்லாம் இம்புட்டுச் செவப்பு. ரோஸ் கலரு இவுக யோசனைதான்.”

ஓர் அம்மாள் பக்கத்தில் நின்றவளின் முழங்கையை இடித்தாள். “இம்புட்டு நல்ல தோல எவளாச்சும் சேத்தப் பூசி மறைப்பாளாடி?” இன்னொருத்தி இதை நேர்த்திக்கடன் வேஷம் என்று எண்ணி, என் முன்னால் விழுந்து கும்பிட்டுப் பிள்ளை வரம் கேட்டாள்.

பேசக் கூடாது என்பது நானே போட்ட விதி. காலை நீட்டிப் பக்கத்தில் நின்ற ரோஸ்காரியை ஓர் உதை விட்டேன்.

சில்லுகள் மல்லாந்து கிடந்தன. உள்பக்கம் செங்கலும் கரியும் சாம்பலும் அப்படியே இருந்தன. விளக்குமாற்றோடு வந்த கூட்டுகிற அம்மா ஒரு சில்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“உள்ள நல்லாத்தானய்யா இருக்கு. இதுமேல எதுக்கு இந்த எழவ அடிச்சீக?”

“நீ கூட்டுற வேலையப் பாரு” என்றார் செயலாளர்.

நான் எழுந்தேன். அவர் மிச்சம் ஆறு பேருக்கும் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். கிட்டே போனதும் விலகினார். சட்டையில் சேறு ஒட்டிவிடுமே. கன்னிமார் பக்தி அவ்வளவுதான்.

ஆறையும் உடைத்தேன். சில்லுகளை உள்பக்கம் மேலே தெரியும்படி திருப்பிப் போட்டுவிட்டு, நடுவில் போய் உட்கார்ந்தேன். கழுத்தில் மண் இன்னும் காயவில்லை.