வாப்பாவின் கடைசி லீவு நாள்

மழை விட்ட பகலில், வெடித்து விழுந்த சாதிக்காயின் வாசனை எங்கள் பல்லேபொல வீட்டின் பின்தோட்டம் முழுக்க நிறைந்திருக்கும். அப்படியொரு பகலில்தான், பதினொரு வயதில், நான் நான்கு வயதுப் பிள்ளையொன்றின் மீது பொறாமையில் வெந்துபோனேன்.

என் வாப்பா கட்டாரில் சாரதியாக இருந்தார். எப்போதாவது "லீவு"க்கு வருவார், "நல்லாப் படிக்கிறீங்களா?" என்று கேட்பார்; போய்விடுவார். அந்த முறை அவர் திரும்பிப் போவதற்கு முந்தைய பகலை எனக்கென்று ஒதுக்கி வைத்திருந்தேன். உம்மா பெட்டி அடுக்கும்போது வாப்பாவோடு காய் பொறுக்கலாம், இத்தனை நாளும் மனதுக்குள் வைத்திருந்த ஒன்றைக் கேட்டுவிடலாம் என்று நினைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டு மாமி தன் மகள் ஸஹ்ராவை எங்களிடம் விட்டுவிட்டு மாத்தளை ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறியதில் எல்லாம் கெட்டது.

"இதுக்கு யாரு சிவப்புச் சட்டை போட்டது?" என்று சாதிக்காய்க் கொட்டையைப் போர்த்தியிருந்த "வசவாசி" இதழைத் தொட்டுக் கேட்டாள் ஸஹ்ரா.

"அதுக்குக் குளிருதாம் மகள்," என்றார் வாப்பா.

"அப்ப கை எங்க?"

வாப்பா வாய்விட்டுச் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு, ஈர மண்ணில் முழங்காலூன்றி யானையானார். எனக்காக அவர் ஒருநாளும் யானையானதில்லை; யானை ஏறும் வயதில் நான் இருந்தபோது அவர் இங்கே இருந்ததேயில்லை.

"நீங்களும் வாங்களே மகள்," என்று என்னையும் கூப்பிட்டார்.

"எனக்கு வேல இருக்கு," என்று கொய்யா மரத்தடியில் சும்மா நின்றேன்.

"மாமா, நாளைக்கும் வெளாடலாமா?"

"நாளைக்கு மாமா ப்ளேன்ல போயிருவேன்."

"ஏன்? அங்க போக ஆசையா?"

யானை நின்றுவிட்டது. "இல்ல மகள். கொஞ்சமும் ஆசையில்ல."

அது என்னுடைய கேள்வி. எனக்கு வரவேண்டிய பதிலை வாங்கிக்கொண்ட ஸஹ்ரா, அடுத்த கணமே இறங்கி ஒரு கோழியைத் துரத்திக்கொண்டு ஓடிவிட்டாள்.

நான் வாப்பாவிடம் போனேன். கேட்க ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. "எனக்கும் யானை," என்றேன். அவர் மறுபடி குனிந்தார். என் கால்கள் தரையில் இழுபட, கிணற்றடி வரை மூச்சு வாங்கச் சுமந்து போனார். அவர் முதுகு குலுங்கியது; சிரிப்பாலா என்று முன்னால் வந்து பார்க்க எனக்குத் துணிவில்லை.

ஸஹ்ராவின் குடும்பம் கலேவெலவுக்குப் போய்விட்டது. அவர்கள் வீடிருந்த இடத்தில் இன்று ஒரு ஹார்ட்வெயார் கடை. கட்டாரை விட்டு வந்த வாப்பாதான் இப்போது என் மகளைத் தினமும் பள்ளிக்கூடத்துக்கு ஆட்டோவில் கூட்டிப்போகிறார். இருவரும் கதைத்துச் சிரிப்பது தெருமுனை திரும்பும்வரை கேட்கும்.

"என்ன அப்படிக் கதைச்சீங்க?" என்று பின்னேரம் மகளிடம் கேட்பேன்.

"ஒண்டுமில்ல உம்மா, சும்மா."

வாப்பாவோடு "சும்மா" பேசிய ஒரு நாள்கூட என் சிறுவயதில் இல்லை. பெற்ற மகள்தான், என்றாலும் வயிறு எரிகிறது.