நடுக்கடலில் இருந்து பார்த்த பேட்டரி வைத்தியம்

சுடுதண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால், பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிற உப்பு கரைந்து ஒழுகும். ஒரு புளிப்பு வாடை மூக்கில் ஏறும்.

எங்கள் தூத்துக்குடி காற்றுக்கு ஜன்னல் கம்பியே தப்பாது... பேட்டரி எம்மாத்திரம்.

கல்யாணம் ஆகி நாற்பத்திரண்டாவது நாள் அவர் கப்பலுக்குப் போய்விட்டார். பெயர் ரெக்ஸ், கப்பலில் தேர்டு இன்ஜினியர். ஒன்பது மாத கான்ட்ராக்ட். அந்த நாற்பத்திரண்டு நாளும் விருந்து, மறுவீடு, சொந்தக்காரர்கள் என்று ஓடிவிட்டது. தனியாக உட்கார்ந்து நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். கிளம்பும்போது என்னிடம் ஒப்படைத்த ஒரே பொறுப்பு, வாசலில் நின்ற பழைய வெள்ளைக் கார். வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டும். எனக்கு அப்போது ஓட்டத் தெரியாது, சாவி திருப்ப மட்டும் காட்டிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாட்டிலைட் போனில் கூப்பிடுவார். குரல் ஒரு நொடி தாமதமாக வரும். இரண்டு பேரும் ஒன்றாகப் பேசுவோம், ஒன்றாக நிறுத்துவோம். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். அம்மா நல்லா இருக்காங்களா, இருக்காங்க. அப்புறம்... போன் கார்டில் காசு தீரும்வரை இரைச்சல் மட்டும்தான்.

போனை வைத்துவிட்டுக் கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்ப்பேன். இந்த மனுஷன் யாரென்றே தெரியாமல் ஒன்பது மாதமும் போய்விடுமோ என்று பயமாக இருக்கும். அழுதிருக்கிறேன், சும்மா சொல்லவில்லை.

இரண்டாவது மாதம் கார் மண்டையைப் போட்டது. சாவியைத் திருப்பினால் டக்... டக்... அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை பயந்துகொண்டே சொன்னேன்.

மறுமுனையில் ஆளே மாறிவிட்டார். ஹெட்லைட் மங்குதா, ஹாரன் முழுசாக அடிக்குதா என்று கேள்வி மேல் கேள்வி. போனோடு வாசலுக்கு ஓடினேன். ஹாரன் அடிக்கச் சொன்னார். பதற்றத்தில் வேறு எதையோ திருகிவிட்டேன், காய்ந்த கண்ணாடியில் க்ரீச் க்ரீச் என்று சத்தம். ஒரு நொடி கழித்து அங்கே சிரிப்பு கேட்டது.

"ஏளா ஜெனி... அது வைப்பர்ளா."

எங்கள் ஊரில் உரிமையுள்ளவளைத்தான் ஏளா என்பார்கள், அதுவரை என்னை அவர் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறு என்றால் கார் பேச்சுதான். பேட்டரி முனையைக் கழுவி வாஸ்லின் தடவச் சொன்னார், தடவினேன். டிஸ்டில்டு வாட்டர் ஊற்றச் சொன்னார், ஊற்றினேன். கதவைச் சாத்தினால் உள்ளே லைட் அணைகிறதா என்று பார்க்க நானே உள்ளே உட்கார்ந்து சாத்திப் பார்த்தேன், அணைந்தது. பேட்டரியைக் கழற்றிச் சார்ஜ் போட்டு வந்தால் பத்து நாள் ஓடும், மறுபடி படுத்துவிடும். கார்மேல் காட்டுகிற கரிசனத்தைக் கொஞ்சம் கஞ்சிமேலும் காட்டு, அடிபிடிக்குது என்பார் மாமி, அவருடைய அம்மா.

ஃபேன் பெல்ட்டுக்கும் ஃபியூசுக்கும் நடுவில் மற்றதும் வந்தது. முதல் கப்பலில் புயலுக்குப் பயந்து அழுததைச் சொன்னார். கத்தரிக்காய் பிடிக்காது, உங்க அம்மா முகத்துக்காகத்தான் விருந்தில் சாப்பிட்டேன் என்றார்.

கடைசியில் பாளை ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த சுடலை அண்ணாச்சி மீட்டரோடு வந்தார். பேட்டரி நல்லது. இன்ஜின் ஓடும்போது சார்ஜ் ஏறுகிறது, அதுவும் சரி. நிறுத்தினால் கரண்ட் எங்கும் ஒழுகவில்லை. தலையைச் சொறிந்துவிட்டு, வண்டியை யார் எடுக்கிறீர்கள் என்று கேட்டார். தினமும் காலையில் ஸ்டார்ட் பண்ணி இரண்டு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துகிறேன் என்றேன், பெருமையாக. வாரம் ஒரு தடவைதான் சொல்லியிருந்தார்... அவர் சொல்லிவிட்டுப் போன ஒரே வேலை ஆயிற்றே என்று நான் தினமும் செய்தேன்.

"ஏம்மா, ஒரு தடவ ஸ்டார்ட் ஆக எடுத்த கரண்டு ரெண்டு நிமிஷத்துல திரும்ப ஏறாது. இருபது கிலோமீட்டராவது ஓடணும். தெனமும் நீதான் அதக் கொல்லுத."

நியாயமாக நிம்மதி வந்திருக்க வேண்டும். எனக்கு வரவில்லை. இனி ஞாயிற்றுக்கிழமை என்ன பேச?

அந்த வாரம் போனில், வண்டி என்ன சொல்லுது என்று அவர் கேட்டார். இன்னும் டக் டக்தான் என்று கூசாமல் சொன்னேன். அடுத்த வாரமும். பொய் சொன்ன பாவத்துக்குச் சர்ச்சில் பாவசங்கீர்த்தனம் செய்தேன், சாமியார் மூன்று அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லச் சொன்னார். சொல்லி முடித்து, அடுத்த ஞாயிறு ரிலே போய்விட்டது என்றேன். ஒரு காரில் வேறு என்னவெல்லாம் கெட்டுப்போகும் என்று அண்ணாச்சியிடம் போய்க் கேட்டு வைத்துக்கொண்டதும் உண்டு.

இதற்கு நடுவில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து ஓட்டப் பழகினேன். அந்த இருபது கிலோமீட்டர் ஓட்ட ஆள் வேண்டுமே. திருச்செந்தூர் ரோட்டில் உப்பளங்களைத் தாண்டிப் போய்த் திரும்புவேன். கார் அதற்குப் பிறகு ஒரு நாளும் நிற்கவில்லை.

கான்ட்ராக்ட் முடிந்து அவர் வந்தபோது ஸ்டேஷனுக்கு நானே காரை எடுத்துப் போனேன். பெட்டியைப் பின்னால் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினேன், ஒரே இழுப்பில் பிடித்தது. மனுஷன் ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் தாங்கவில்லை. பீச் ரோட்டில் ஓரமாக நிறுத்தி, பழுது எப்போதோ தெரிந்துவிட்டது, உங்களிடம் பொய்தான் சொன்னேன் என்று கொட்டிவிட்டேன்.

"கார் படுத்த ரெண்டாவது வாரமே எனக்குத் தெரியும்ளா. தெனமும் ஸ்டார்ட் பண்ணுதேன்னு நீயே சொன்னேல்லா."

"பொறவு ஏன் சொல்லல?"

கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சொன்னா... நீ போனை வச்சிருவியேன்னுதான்."

இப்போது அவர் சீஃப் இன்ஜினியர். கப்பலிலேயே வைஃபை. காலையில் ஒரு கால், சாயங்காலம் ஒரு கால், முகம் பார்த்தே பேசலாம். மகளுடைய காலேஜ், மாமியின் மாத்திரை, மொட்டை மாடி ஒழுகல்... மூன்று நிமிடத்தில் பேச்சு முடிந்துவிடும். புதுக் காரில் பேட்டரி குறைந்தால் அதுவே திரையில் எழுதிக் காட்டிவிடுகிறது, யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

நேற்று சொன்னார், இதுதான் கடைசி கான்ட்ராக்ட், அடுத்த மாதம் வந்தால் இனி கரைதான் என்று. இருபது வருஷக் கல்யாணத்தில் ஒரு முழு வருஷம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்ததே கிடையாது. சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாள் முழுக்க எதிரே உட்கார்ந்திருக்கப்போகிற அந்த மனுஷனிடம் நான் என்ன பேசுவேன்?

புதுப்பெண் மாதிரி கூச்சமாக இருக்கிறது. இந்த வயதில் இதை வேறு யாரிடம் சொல்ல... அதான் உங்களிடம் சொல்கிறேன்.