மேற்குப் பொடவில் கேட்ட குரல்

நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். கோவில்பட்டியில் முப்பது வருசத்துக்கு மேலாகக் கடை வைத்திருக்கிறேன். கரண்டு வந்தால் சுற்றும், வராவிட்டால் சுற்றாது, நடுவில் வேறு ஒன்றும் கிடையாது என்று நம்பிப் பிழைத்தவன். முனி அடித்தது, பேய் பிடித்தது என்று யாராவது கடையில் உட்கார்ந்து ஆரம்பித்தால், டீயைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவேன். நீங்களும் இதைக் கேட்டுவிட்டு என்னிடம் அப்படிச் சொன்னால் கோபப்பட மாட்டேன். ஆனால் நடந்தது நடந்ததுதான், அதைக் கூட்டியோ குறைத்தோ சொல்ல எனக்கு ஒரு லாபமும் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தோம். எங்கள் பக்கம் குகையைப் பொடவு என்போம், அதனால் ஊரில் எங்களுக்குப் ‘பொடவுக்காரங்க’ என்றே பேர். இந்தக் கரிசல் காட்டில் குகை எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். கழுகுமலைப் பக்கமும் ஓட்டப்பிடாரம் போகிற வழியிலும் கரிசலுக்கு நடுவே மொட்டை மொட்டையாகப் பாறை மலைகள் நிற்கும், வீடு வீடாகப் பெரிய கற்கள் உருண்டு ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும், அந்த இடுக்குகளுக்குள் புகுந்தால் உள்ளே அறை அறையாகப் போகும். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சைக்கிளையோ பைக்கையோ எடுத்துக்கொண்டு போய்விடுவோம். இடுக்கில் விழுந்த ஆட்டைத் தூக்கிக் கொடுப்போம், குடிகாரர்கள் உடைத்துப் போட்ட பாட்டில்களைச் சாக்கில் அள்ளி வருவோம், கல் எடுக்கிறவர்கள் வெடி வைத்தால் மனு எழுதிப் போடுவோம். என் கடை வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். இந்த வாரம் எந்தப் பொடவு, எங்கே தேனீ கட்டியிருக்கிறது, யார் வீட்டு ஆடு மீண்டது என்று அதில் எழுதிவிடுவேன். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பேப்பரைவிட அதைத்தான் ஆசையாகப் படிப்பார்கள்.

குழுவில் எனக்கு நெருக்கம் இரண்டு பேர். ஒருவர் மாரியப்பன், கிணறு வெட்டுகிறவர், கயிறு கட்டுவதில் அவரை அடிக்க ஆள் கிடையாது. இன்னொருவர் ஜெயராணி டீச்சர், பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுத்தவர். ஒரு பொம்பளை பாறையில் ஏறுவதா என்று பேசியவர்களை அவர் சட்டையே செய்யவில்லை.

சித்திரை மாத ஞாயிறு. காலையில் கடைக்கு ஒரு போன் வந்தது. ஓட்டப்பிடாரம் பக்கத்து கிராமம் ஒன்று, ஊர் பெயர் வேண்டாம், அங்கிருந்து யாரோ பூத்தில் நின்று பேசினார். கருப்பசாமி என்று ஒருவர், ஆடு மேய்க்கப் போனவர், முந்தின நாள் சாயங்காலம் ஆடுகள் மட்டும் தனியாகத் தொழுவுக்குத் திரும்பியிருக்கின்றன, ஆள் வரவில்லை. ஊர்க்காரர்கள் கிணறு கிணறாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், அவருடைய அண்ணன் போலீசுக்குப் போயிருக்கிறார், மத்தியான வெயிலுக்கு மலையின் மேற்குப் பொடவில்தான் அவர் படுப்பார், நீங்கள் நேராக அங்கே போய்ப் பாருங்கள் என்றார். அவ்வளவுதான் சொன்னார். இன்னும் ஒரே ஒரு வார்த்தை அவர் சேர்த்துச் சொல்லியிருந்தால் என்று நான் நினைக்காத நாள் இல்லை.

அன்று வர முடிந்தது நாங்கள் மூன்று பேர்தான். உச்சி வெயிலில் மேற்குப் பொடவுக்கு ஏறினோம். வாசலில் யாரும் இல்லை. உள்ளே கொஞ்ச தூரம் தவழ்ந்து போனால் கற்கள் சரிந்து வழி அடைத்திருந்தது, கை நுழைகிற அளவுக்கு ஒரு கீறல் மட்டும். நான் அதில் வாயை வைத்து, “கருப்பசாமீ... கருப்பசாமீ...” என்று கத்தினேன்.

“இங்கன... இங்கன இருக்கேன்.”

தெளிவாகக் கேட்டது. எதிரொலி என்று சொல்லாதீர்கள், நான் கத்தியது அவர் பெயரை, பதிலில் அந்தப் பெயரே இல்லை. மாரியப்பன் என் முதுகைத் தட்டி, “ஆள் உசுரோட இருக்காரு அண்ணாச்சி!” என்றார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பயப்படாதீங்க, வந்துட்டோம். அடிகிடி பட்டுருக்கா?” என்றேன்.

“தண்ணி” என்றது குரல்.

மோட்டார்க் கடைக்காரன் பையில் எப்போதும் ஒரு துண்டு பிளாஸ்டிக் டியூப் கிடக்கும். அதைக் கீறலுக்குள் விட்டு, கொண்டு போன கேன் தண்ணீர் முழுவதையும் ஊற்றினோம். அப்புறம் கல்லை எடுக்க ஆரம்பித்தோம். கடப்பாரையால் ஒவ்வொன்றாக நெம்பி, மேலே இருப்பது சரியாமல் முட்டுக் கொடுத்து, ஒருவர் உள்ளே படுத்துக்கொண்டு கல்லைப் பின்னால் தள்ள மற்றவர் வெளியே இழுக்க, அது மெதுவான வேலை. கீறலுக்குப் பக்கத்தில் என் முறை வந்தபோதெல்லாம் உள்ளே இருக்கிறவர் மயங்கிவிடக் கூடாதே என்று எதையாவது பேசிக்கொண்டே இருந்தேன். அந்தக் குரலும் நடுநடுவே “ம்” கொட்டியது.

வெயில் சாய்கிற நேரத்தில் ஓட்டமும் நடையுமாக ஒரு ஆள் ஏறி வந்தார். கருப்பசாமியின் அண்ணன், சுடலைமுத்து. போலீசுக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருக்கிறார். நான் சந்தோசத்தோடு, “கவலப்படாதீங்க, ஒங்க தம்பி உள்ளதான் இருக்காரு, பேசுதாரு, தண்ணி கேட்டாரு” என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“யாரு பேசுதா?”

“ஒங்க தம்பிதான்.”

“அண்ணாச்சி, அவனுக்குப் பிறவியிலயே காது கேக்காது. வாயும் பேச மாட்டான்.”

மாரியப்பன் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார். சுடலைமுத்து உள்ளே தவழ்ந்து போய்க் கீறலில் காதை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் கிடந்தார். நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒன்றும் கேட்கவில்லை. அவர் வெளியே வந்து, “இங்கன யாரும் இல்ல. கிழக்க ஒரு பள்ளம் இருக்கு, அங்கன ஆட்டுப் புழுக்கை புதுசாக் கிடந்துச்சுன்னு ஒரு ஆளு சொன்னான். கயித்த எடுத்துக்கிட்டு வாங்க, இருட்டிருச்சுன்னா அவன எப்படித் தேட? கூப்பிட்டா ஏன்னு கேக்கவா போறான்?” என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. டீச்சரும் அதையேதான் சொன்னார். நாங்கள் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தோம். அப்போது அந்தக் கீறலுக்குள் இருந்து, முன்னைவிடப் பக்கத்தில், “போயிராதீக” என்று கேட்டது.

சுடலைமுத்து அதற்குள் கீழே இறங்கிவிட்டார், அவருக்குக் கேட்கவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது. நான் ஓடிப் போய், “யாருங்க நீங்க? பேரச் சொல்லுங்க!” என்று கத்தினேன். “போயிராதீக” என்றுதான் திரும்பவும் வந்தது.

நீங்களே சொல்லுங்கள், என்ன செய்வீர்கள்? உள்ளே ஒரு உயிர் கெஞ்சுகிறது. கருப்பசாமி இல்லை என்றால் வேறு யாரோ. விட்டுவிட்டுப் போக முடியுமா? இருப்பது ஒரு கயிறு, ஒரு பெரிய டார்ச், இடுக்கில் இறங்கத் தெரிந்த ஆள் இரண்டு பேர். கடைசியில் டீச்சர் மட்டும் சுடலைமுத்துவோடு கிழக்கே போனார், நானும் மாரியப்பனும் கல்லை நெம்பினோம். அந்த இடத்தில் வேறு எந்த முடிவு எடுத்திருந்தாலும் தப்பாகத்தான் பட்டிருக்கும் என்று எத்தனையோ பேர் எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டார்கள். மனசு கேட்க வேண்டுமே.

அந்திக் கருக்கலில் வழி திறந்தது. மாரியப்பன் காலைப் பிடித்துக்கொள்ள, நான் டார்ச்சோடு தலையை உள்ளே விட்டேன்.

ஒரு சின்ன அறை. நாலு பேர் உட்காரலாம். சுற்றிலும் ஒரே பாறை, பூனை நுழையக்கூட இன்னொரு வழி கிடையாது. தரையில் மாவு மாதிரிப் புழுதி. அதில் ஒரு கால் தடம் இல்லை, ஒரு வௌவால் எச்சம்கூட இல்லை. நாங்கள் விட்ட டியூப்பின் நுனி நடுவில் கிடந்தது. ஒரு கேன் தண்ணீர் ஊற்றியிருக்கிறோம். அந்த இடத்தில் கையை வைத்துப் பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், புழுதி காய்ந்து போய் இருந்தது.

வெளியே வந்து டார்ச்சை நீட்டினேன். மாரியப்பனும் ஒரு தடவை தலையை விட்டுப் பார்த்தார், அப்புறம் பாறையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். சுடலைமுத்துவை அங்கேயே விட்டுவிட்டு டீச்சர் மட்டும் இருட்டில் தட்டுத் தடுமாறி வந்து சேர்ந்தார். கிழக்குப் பள்ளத்தின் விளிம்பு வரை போயிருக்கிறார்கள், கயிறும் வெளிச்சமும் இல்லாமல் கீழே இறங்க முடியவில்லை. உடனே மூன்று பேரும் கிளம்பிப் போனோம், ஆனால் டார்ச் பேட்டரி அதற்குள் மங்கிவிட்டது. அந்தச் செங்குத்தில் இருட்டில் இறங்கக் கூடாது என்று மாரியப்பனே தடுத்துவிட்டார்.

விடிந்ததும் இறங்கினோம். கருப்பசாமி அந்தப் பள்ளத்தில்தான் கிடந்தார். உயிர் இருந்தது. உருண்ட கல் ஒன்று வலது காலை முழங்காலுக்குக் கீழே நசுக்கிப் பிடித்திருந்தது. எங்களைப் பார்த்ததும் கத்தவில்லை, எப்படிக் கத்துவார், கண்ணீர் மட்டும் வழிந்தது. கட்டிலில் வைத்துத் தூக்கி, வேனில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். காலை எடுத்துவிட்டார்கள். டாக்டர் டீச்சரிடம், “நேத்துச் சாயங்காலமே கொண்டு வந்திருந்தா ஒருவேளை காப்பாத்தியிருக்கலாம்” என்று சொன்னாராம். அவர் தற்செயலாகச் சொன்ன வார்த்தைதான். அது எங்கள் மூன்று பேரையும் பிரித்துவிட்டது.

சண்டை ஒன்றும் இல்லை. அடுத்த ஞாயிறு யாரும் யாரையும் கூப்பிடவில்லை. டீச்சர் அந்த வருசமே மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மாரியப்பனிடம் அந்தப் பேச்சை எடுத்தால், “காத்துச் சத்தம் அண்ணாச்சி, வேற என்ன” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். நானும் கரும்பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டேன்.

அந்த ஊருக்குப் போகவே எனக்குத் தைரியம் வரவில்லை. மழைக்காலம் முடிந்து, பக்கத்து ஊரில் ஒரு கிணற்று மோட்டார் எரிந்துவிட்டதென்று கூப்பிட்டார்கள், அதைப் பார்த்துவிட்டு வரும்போது பைக் தானாகவே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கருப்பசாமி ஆட்டுத் தொழுவில் உட்கார்ந்து ஒரு குட்டிக்குப் புட்டிப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கம்பு ஊன்றுகோல். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து சிரித்தார். கோபம் ஒரு துளிகூட இல்லாத சிரிப்பு. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. சுடலைமுத்து காப்பி வாங்கி வந்து கொடுத்தார்.

கொஞ்ச நேரம் கழித்துக் கருப்பசாமி என் முழங்காலைத் தட்டினார். ஒரு சின்னப் பிள்ளை உயரத்துக்குக் கையைக் காட்டினார், இரண்டு பக்கமும் சடை போட்ட மாதிரி காட்டினார், என்னைச் சுட்டினார். அப்புறம் தன் முன்பல்லைப் பிடித்து ஆட்டிக் காட்டி, கையை விரித்துப் புருவத்தை உயர்த்தினார்.

சுடலைமுத்து சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஒங்க வீட்டுப் பொம்பளப் பிள்ளைக்கி அந்தப் பல்லு விழுந்துட்டான்னு கேக்கான்.”

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். அன்று கீறலுக்குப் பக்கத்தில் தனியாகப் படுத்திருந்தபோது, பேச வேறு ஒன்றும் கிடைக்காமல், என் மகளுக்கு முன்பல் ஆடுகிறது, யாரையும் தொட விட மாட்டேன் என்கிறாள் என்றுதான் அந்தக் குரலிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். மாரியப்பன் அப்போது வெளியே. டீச்சர் அதற்கும் வெளியே. கிழக்குப் பள்ளத்துக்கும் மேற்குப் பொடவுக்கும் நடுவில் ஒரு முழு மலை. கேட்பதற்கு அவருக்குக் காதும் இல்லை.

விழுந்துவிட்டது என்று தலையாட்டினேன். கருப்பசாமிக்கு அப்படி ஒரு சந்தோசம்.

நீங்கள்தானா கூப்பிட்டது என்று அன்றைக்கு நான் கேட்டிருக்க வேண்டும். சாடையில் கேட்பது பெரிய காரியமா? பயந்து எழுந்துவிட்டேன். அப்புறம் நாலைந்து வருசத்தில் அவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டார், இனி கேட்க முடியாது.

ஆனால் அன்று பைக் வரை வழியனுப்ப வந்த சுடலைமுத்து, பெட்ரோல் டாங்கின்மேல் கையை வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டார்: “அண்ணாச்சி, நீங்க அன்னைக்கிச் சொன்னத நான் நம்பல. இப்ப மனசு கேக்க மாட்டேங்கு. அவன் கொரலு எப்படி இருந்துச்சு? எங்க அம்மை சாகுற வரைக்கும் அவன் வாயில ஒரு சொல்லுக் கேட்டுறணும்னு கெடந்தா.”

“ஒங்க கொரல் மாதிரியேதான் இருந்துச்சு” என்று சொன்னேன். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

பொய்தான் சொன்னேன். அந்தக் குரல் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம். ஆனால் அது எப்படி இருந்தது, கனமா, மெல்லிசா, வயசானதா, ஒன்றுமே ஞாபகம் இல்லை. பெரியாஸ்பத்திரியில் அவரைச் சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்ததும் நினைத்துப் பார்த்தேன், அப்போதே இல்லை. எத்தனை தடவை முயற்சி செய்தாலும், “போயிராதீக” என்று என் காதுக்குள் கேட்பது என்னுடைய குரல்தான்.