நான் தலையாட்டிய வாக்குமூலம்

இத்தாலியில் பலெர்மோவுக்கு வந்தவுடன் எங்கள் தமிழாட்கள் ஒன்றைப் பழகிக்கொள்வார்கள். அலுவலகத்தில் யார் எதைக் கேட்டாலும் “சி, சி”, ஆம் ஆம், என்று தலையாட்டுவது. ஆமென்றால் அலுவல் கெதியாக முடியும். நானும் இருபது வருடம் ஆட்டினேன்.

லிபெர்த்தா வீதியில், நான் வீட்டோடு பராமரித்த முதிய அம்மாவை, சிஞ்ஞோராவை, ஒரு காலை கைபிடித்து நடத்திக்கொண்டு போனபோது, ஸ்கூட்டரில் இரண்டு பேர் வந்தார்கள். பின்னால் இருந்தவன் இறங்கிக் கைப்பையை இழுத்து, அவரைத் தள்ளிவிட்டான். ஓட்டியவன் இறங்கவில்லை. தலையில் அடிபட்டு மூன்றாம் நாள் சிஞ்ஞோரா போய்விட்டார். அந்த இருவர்மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்தான்.

“இரண்டு பேரும் இறங்கினார்களா?” என்று பொலிஸ் கேட்டது. அழுதுகொண்டிருந்த நான் வழக்கம்போல் தலையாட்டினேன். எழுதியதை வாசிக்காமலே கையெழுத்தும் வைத்தேன்.

விசாரணைக்கு முன் சிஞ்ஞோராவின் மகளுடைய வழக்கறிஞர் விளக்கினார். திருடப் போன இடத்தில் உயிர் போனால், ஸ்கூட்டர் ஓட்டியவனும் அந்தச் சாவுக்குப் பதில் சொல்லவேண்டி வரலாம். ஆனால் இறங்கித் தள்ளியவனுக்கும் பையைப் பறிக்க மட்டும் துணை வந்தவனுக்கும் தண்டனை ஒன்றல்ல, பல வருட வித்தியாசம். நான் கையெழுத்து வைத்த தாளிலோ இருவரும் இறங்கியதாக இருந்தது.

வீட்டில் கணவருக்கு எங்கள் பெர்மெசோவை, இந்த நாட்டில் இருக்கும் அனுமதியை, நினைத்துப் பயம். “இஞ்சரப்பா, எழுதினதையே சொல்லிப்போட்டு வாரும். மாத்திக் கதைச்சால் பெர்மெசோவிலை கை வைப்பாங்கள். பிறகு இஞ்சை இருக்கேலாது.”

“அவன் கள்ளன்தான். அதுக்காகச் செய்யாததையும் செய்தவன் எண்டு சொல்லுறதே?” என்றேன்.

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்றேன். அரச வழக்கறிஞர் என் வாக்குமூலத்தை வாசித்துவிட்டு, “இது சரிதானே?” என்றார். தலை தன்பாட்டில் ஆடப் பார்த்தது. அடக்கிக்கொண்டேன்.

“நோ. ஒருவன்தான் இறங்கினான். அன்றைக்குத் தலையாட்டியது என் பிழை.”

சிஞ்ஞோராவின் மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது வலித்தது. தீர்ப்பில் இருவருமே சாவுக்குப் பொறுப்பு என்றார்கள். ஓட்டியவனுக்குத் தண்டனை குறைந்தது. அன்று படியிறங்கும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. அதை ஏன் மறைக்கவேண்டும்?

போன மாதம் பெர்மெசோ புதுப்பிக்கப் போனேன். அதிகாரி தாளை நீட்டிக் கையெழுத்து வைக்கும் இடத்தைக் காட்டினார். கண்ணாடியை எடுத்துப் போட்டு முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினேன். பின்னால் நின்ற எங்கள் ஆள் ஒருவர் பொறுமையிழந்து, “அக்கா, கெதியாப் போடுங்கோ” என்றார்.

“பொறுங்கோ தம்பி. வாசிச்சுப்போட்டுத்தான்.”