மீசையும் மரத்தூள் மெசினும்

சுனாமிக்குப் பிறகு பெரியகல்லாற்றில் நாங்கள் கட்டிய சின்ன வீட்டில், சமைக்கும் குசினிக்கும் என் தச்சுப் பட்டறைக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். உள்நாட்டுச் சண்டை முடிந்ததும் ஊரே வீடு கட்டத் தொடங்கியது. கதவு, ஜன்னல் வேலை குவிந்தது, மரத்தூளும் குவிந்தது. சோற்றில் தூள் கிடந்த அன்றே மனைவி என்னைப் புளியந்தீவுக் கடைத்தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கடைக்காரர் தூள் உறிஞ்சும் மெசின்கள் இரண்டை ஓடவிட்டுக் காட்டினார். சின்னது காது கிழியக் கத்தியது. பெரியது மெதுவாக முனகியது.

"இது நல்லா இழுக்குமா?" என்று பெரியதைக் காட்டிக் கேட்டாள்.

"பிடிச்சுப் பாருங்க தங்கச்சி. ஆனா கடையில மரத்தூள் இல்ல."

"நான் கொண்டுவந்திருக்கன்" என்றவள், குழாயை என் தலைக்கு நேரே பிடித்தாள். காலையில் அறுத்த தேக்கின் தூள் முடியிலிருந்து பறந்தது. அடுத்துச் சட்டைப்பை. அதற்கடுத்து என் மீசையே குழாய்க்குள் போய்விட்டது. நான் அலற, கடைக்காரர் சிரித்துக்கொண்டே சுவிட்சைத் தேட, அவள் சிரிப்புத் தாங்காமல் நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதையே எடுப்பம்" என்றாள், மூச்சு வாங்க.

ஓட்டோவில் வரும்போதும் என் மீசையைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. காரணம் தெரியாமலே ஓட்டோக்காரரும் சிரித்தார்.