பெங்களூரில் எனக்கொரு வேலையும் இல்லை

ஓர் ஊருக்குப் போய், அந்த ஊரைப் பார்க்காமல், அந்த ஊரார் ஒருவரோடும் பேசாமல், போன விமானத்திலேயே திரும்பி வந்தது என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான். அந்த ஊர் பெங்களூர். மூளை கலங்கியவன் செய்கிற காரியம் என்றாள் என் மனைவி. மூளை கலங்கியவன் விதிமுறைப் புத்தகம் படிப்பதில்லை. நான் விமானக் கம்பெனியின் விதிகள் முழுவதையும் அச்செடுத்து, இரண்டு முறை படித்து, ஓரத்தில் பென்சிலால் குறிப்பெழுதிய பிறகுதான் போனேன்.

துறைமுகத்தில் முப்பத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். வெளியே கடலில் நங்கூரமிட்டுக் காத்திருக்கும் கப்பல்களில் எது முதலில் உள்ளே வரலாம் என்று தீர்மானிக்கும் பிரிவில் கடைசிப் பதினைந்து ஆண்டுகள். கப்பல் ஏஜெண்டுகள் என் மேசைக்கு முன் நின்று தங்கள் சரக்கு அழுகிவிடும் என்பார்கள். ஒருவர் சிமெண்டு அழுகிவிடும் என்றே வாதாடினார். முன்னுரிமை என்பது என்ன, அதை யார் எதற்காகக் கேட்கிறார்கள், கிடைத்ததும் முகம் எப்படி மாறுகிறது என்பதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நான்தான் ஒரு பிளாஸ்டிக் அட்டைக்காக அலைந்தேன்.

காரணம் என் சம்பந்தி. மகளைக் கொடுத்த இடம் அண்ணா நகர். மாப்பிள்ளைக்கு டெல்லியில் வேலை. கல்யாணம் முடிந்து அவர்களைப் பார்க்க நாங்கள் நாலு பேரும் ஒன்றாகக் கிளம்பினோம். விமான நிலையத்தில் சோதனையெல்லாம் முடிந்ததும் சம்பந்தி சட்டைப் பையிலிருந்து, அடிக்கடி பறப்பவர்களுக்கு விமானக் கம்பெனி தரும் அட்டையை எடுத்தார். பிளாட்டினம்.

"நீங்க ரெண்டு பேரும் இப்படி உக்காருங்க சம்பந்தி. நாங்க உள்ள லவுஞ்சுல ஒரு காபி சாப்பிட்டு வந்துடறோம். கூட ஒருத்தரைத்தான் விடறாங்க, என்ன பண்றது?"

ஒன்றேகால் மணி நேரம் கழித்து அந்தச் சொகுசு ஓய்வறையிலிருந்து பல் குத்திக்கொண்டே வந்தார். தோசை முறுகலாக இருந்தது என்று எங்களுக்குத் தெரிவித்தார்.

"பரவால்லண்ணா, நாங்க வூட்லயே துன்னுட்டு வந்தோம்" என்றாள் என் மனைவி. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். அவள் அதை அந்த நிமிடமே மறந்துவிட்டாள். நான் மறக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு தனியார் கப்பல் கம்பெனி என்னை ஆலோசகராக வைத்துக்கொண்டது. இன்று விசாகப்பட்டினம், அடுத்த வாரம் கொல்கத்தா, அதற்கடுத்து மும்பை என்று அவர்கள் செலவில் பறந்தேன். ஒரு நாள் விமானக் கம்பெனியிடமிருந்து தபாலில் உறை வந்தது. உள்ளே தங்க நிற அட்டை. மதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய உறுப்பினரே என்று தொடங்கிய கடிதம். என் கல்யாணத்துக்குக்கூட யாரும் இவ்வளவு மரியாதையாக வாழ்த்து எழுதவில்லை.

அந்த அட்டையால் கிடைப்பவை என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விமானம் ஏறும் வாசலில் தனி வரிசை, தரையில் இரண்டு கஜம் சிவப்புக் கம்பளம். அதில் நின்று முதலில் போகிறவர் முதலில் பேருந்துக்குள் ஏறுவார். மற்றவர்கள் ஏறி முடிக்கும்வரை அதே பேருந்தில் நின்றுகொண்டிருப்பார். கடைசியாக ஏறியவன் கதவோரம் நிற்பதால் அவன்தான் முதலில் இறங்கி விமானத்துக்குப் போவான். இதை ஒவ்வொரு முறையும் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கம்பளத்தில்தான் நின்றேன். பெட்டிக்கு ஆரஞ்சு நிறத்தில் முன்னுரிமைச் சீட்டு கட்டுவார்கள். அந்தச் சீட்டைப் பெட்டியிலிருந்து கழற்றாமல் வீதியில் இழுத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். திருவொற்றியூரில் அப்படி வந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இவற்றில் எதுவும் எனக்கு முக்கியமில்லை. தங்க அட்டைக்காரர் லவுஞ்சுக்குள் போகலாம், கூட ஒருவரை அழைத்துப் போகலாம். அது ஒன்றுதான் முக்கியம். சம்பந்தியின் கண்ணெதிரே என் மனைவியோடு அந்தக் கதவுக்குள் நுழைய வேண்டும். வேறு எதற்கும் அந்த அட்டை எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஆனால் அதற்கு வாய்ப்பு வருவதற்குள் ஆலோசனை வேலை முடிந்துவிட்டது. ஏப்ரலில் பேரனுக்கு முதல் பிறந்த நாள். நாலு பேருக்கும் ஒரே விமானத்தில் டெல்லிக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. என் அட்டையிலோ 'மார்ச் வரை' என்று அச்சடித்திருந்தது. அதைப் புதுப்பிக்க இன்னும் இரண்டு பயணம் குறைந்தது. பிப்ரவரியில் விமானக் கம்பெனியின் சேவை எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள்.

"சார், உங்க மெம்பர்ஷிப் இயர் முடியறதுக்குள்ள…"

"ஆண்டு எப்ப முடியும்னு எனக்குத் தெரியும்மா. நான் கேட்டது அது இல்ல. பாயிண்ட்ல எடுக்கற இலவச டிக்கெட்ல போனா பயணம் சேருமா, சேராதா?"

"சேராது சார். ஆனா உங்க இயர்…"

"எட்டாவது பிரிவு, மூணாவது உட்பிரிவு. நீ படிச்சிருக்கியா?"

"இல்ல சார்."

"படி" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்று முழுவதும் நல்ல மனநிலையில் இருந்தேன்.

நான் வாழ்ந்த உலகத்தில் ஆண்டு என்றால் மார்ச் முப்பத்தொன்றில் முடியும். வேறு தேதியில் ஓர் ஆண்டு முடியலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் அவரை நான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருப்பேன். ஆண்டு முழுக்கத் தூங்கிவிட்டு மார்ச் கடைசி வாரத்தில் நாற்காலி வாங்குவதும், நேற்று அடித்த சுவருக்கே மறுபடி வெள்ளை அடிப்பதும், தமிழ் மட்டுமே தெரிந்தவரை இந்திப் பயிற்சிக்கு அனுப்புவதும் எங்கள் அலுவலகத்தின் நெடுநாள் வழக்கம். அந்த வழக்கத்தில் ஊறியவன் பெங்களூருக்குப் போய்வர எந்தத் தேதியைத் தேர்ந்தெடுப்பான்? மார்ச் இருபத்தைந்து.

"அங்க யாரு கீறாங்க?" என்றாள் மனைவி.

"யாரும் இல்ல."

"அப்ப இன்னாத்துக்குப் போறீங்க?"

விளக்கினேன். கேட்டுவிட்டு, "ரெண்டு இட்லி துன்னுட்டுப் போங்க. அங்க போயி வெறும் வயித்தோட திரும்பாதீங்க" என்றாள். மூளை கலங்கியவன் என்பதை வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு அம்மாவிடம்தான் சொன்னாள், எனக்குக் கேட்கும்படி.

மெட்ரோ ரயில் எங்கள் ஊரிலிருந்து நேரே விமான நிலையத்துக்கே போகிறது. நடைமேடையில் பழைய கிரேன் ஆபரேட்டர் ஒருவரைச் சந்தித்தேன். எனக்குக் கீழே வேலை பார்க்கவில்லை, ஆனால் என்னால் காக்க வைக்கப்பட்டவர்களில் அவரும் உண்டு.

"இன்னா சார், பொட்டியோட கெளம்பிட்ட?"

"பெங்களூருக்கு."

"எப்ப ரிட்டனு?"

"மதியம்."

"இன்னிக்கா? யாராச்சும் செத்துட்டாங்களா?"

இல்லை என்றேன். ரயில் தண்டையார்பேட்டையைத் தாண்டுவதற்குள் அட்டையின் சமாச்சாரத்தைச் சொல்லி முடித்தேன். அவர் யோசித்தார்.

"அப்ப பஸ் பாஸ் மாதிரின்னு சொல்லு."

"கிட்டத்தட்ட."

"பஸ் பாஸ்ல போனாக்கூட போற எடத்துல எறங்கி எதுனா செய்வோமே சார். பொட்டில இன்னா கீது?"

பெட்டியில் ஒரு துண்டும் அன்றைய செய்தித்தாளும் இருந்தன. முன்னுரிமைச் சீட்டுக் கட்ட ஒரு பெட்டி தேவை என்பதால் எடுத்துப் போனேன். அதை அவரிடம் சொல்லவில்லை. துணி என்றேன்.

பெங்களூரில் என் முன்னுரிமைப் பெட்டி பதினோராவதாக வந்தது. எண்ணினேன்; வேறு வேலை இல்லை. அதை எடுத்துக்கொண்டு வெளியே போய், அடுத்த வாசல் வழியாக உள்ளே வந்து, மறுபடி அதே பெட்டியை ஒப்படைத்தேன். இரண்டு மணி நேரம் கழித்து அதே விமானம்தான் திரும்பியது. வாசலில் அதே பணிப்பெண் கைகூப்பினாள். என்னைப் பார்த்ததும் கை பாதியில் நின்றது.

"எதையாவது மறந்துட்டீங்களா சார்?"

"இல்லம்மா. வேலை சீக்கிரம் முடிஞ்சிடுச்சு."

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தேன். என் நோட்டில் இரண்டு பயணத்தையும் எழுதி, கீழே கோடு போட்டேன். விமானக் கம்பெனியின் செயலியைத் திறந்து பார்க்கவில்லை. முப்பத்தாறு ஆண்டுகளில் என் கையெழுத்தைவிட நம்பகமான ஒன்றை நான் சந்தித்ததில்லை. அந்தக் கம்பெனியிலிருந்து தினம் வரும் மின்னஞ்சல்களையும் படிப்பதில்லை. அவற்றில் பாதி மாலத்தீவுக்கு வரச் சொல்லும். புது அட்டை தபாலில் வரவில்லை. தபால்காரரைக் குறை சொன்னேன்.

ஏப்ரலில் அந்த நாள் வந்தது. லவுஞ்சு வாசலில் நீண்ட வரிசை. வங்கி அட்டையைத் தேய்த்தால் இப்போது யாரும் உள்ளே போகலாமாம். முதுகுப் பையும் செருப்புமாகக் கல்லூரிப் பிள்ளைகள் எங்களுக்கு முன்னால் நின்றார்கள். உயர்ந்தோர் நுழையும் அந்த வாசலில் பொது வாசலைவிடக் கூட்டம். சம்பந்தி வழக்கம்போலத் திரும்பி, "நீங்க இப்படி உக்காருங்க" என்று தொடங்கினார்.

"இல்ல, நாங்களும் வர்றோம்" என்று என் தங்க அட்டையை எடுத்தேன். அவர் அதைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் நான் இவ்வளவும் செய்தேன். அது நன்றாகவே இருந்தது. ஏறத்தாழ அரை நிமிடம் இருந்தது.

மேசையில் இருந்த பெண் எண்ணைத் தட்டினாள். "சார், உங்களுக்கு சில்வர் காட்டுது."

"கோல்டும்மா. கையிலதான இருக்கு, பாரு."

"மார்ச் பத்தோட முடிஞ்சிருக்கு சார். நீங்க சேர்ந்த தேதியிலேருந்துதான் வருஷம் எண்ணுவாங்க."

"மார்ச் இருபத்தஞ்சாம் தேதி போயிட்டு வந்தேனே."

அவள் திரையைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "ஆமா சார், ரெண்டு டிரிப். அது புது வருஷத்துல சேர்ந்திருக்கு. நல்ல ஆரம்பம் சார்."

என் மனைவி என் முகத்தைப் பார்க்காமல் பையைத் தோளில் மாற்றிக்கொண்டாள். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"சம்பந்தியம்மா, நாங்க அங்க உக்காருறோம். நீங்க போய்ட்டு வாங்க" என்றாள்.

அப்போதுதான் சம்பந்தியின் மனைவி வாயைத் திறந்தார். அந்தக் கதவுக்குள் கணவர் பின்னால் எத்தனை முறை போயிருப்பாரோ தெரியாது. "நான் வரல. உள்ள ஐஸ் பொட்டி மாதிரி இருக்கும், எனக்குக் கழுத்து புடிச்சுக்கும். கையில என்ன வச்சிருக்கீங்க, வாசனை வருது?"

"நெத்திலி வறுத்தேன் சம்பந்தியம்மா. புள்ளைக்கோசரம் எட்துகினு போறேன். வாங்க, துன்னலாம்."

இரண்டு பேரும் நாற்காலிகளை நோக்கி நடந்தார்கள். இப்போது பிளாட்டினம் அட்டையில் ஓர் இடம் காலி. சம்பந்தி பெரிய மனதோடு என் தோளில் கை வைத்தார்.

"நம்ம கெஸ்டா வாங்க சம்பந்தி."

எந்தக் கதவுக்கு வெளியே உட்கார மாட்டேன் என்று சபதம் செய்தேனோ அதன் உள்ளே, எவர் முன்னால் தலை நிமிர்ந்து நுழைய நினைத்தேனோ அவருடைய விருந்தாளியாக, பதிவேட்டில் 'உடன் வருபவர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டு நுழைந்தேன். மறுத்திருக்கலாம். மறுப்பதற்கு மூன்று விநாடி இருந்தது. நான் அதை அந்தக் கட்டத்தின் தலைப்பைப் படிப்பதில் செலவழித்தேன்.

உள்ளே உட்கார இடமில்லை. ஒரு தூணோரம் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். தோசைக்காரர் அன்று வரவில்லை. உப்புமா இருந்தது, கரண்டியால் எடுத்தால் கரண்டியின் வடிவத்திலேயே நிற்கிற உப்புமா. சம்பந்தி மூன்று தட்டு சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க பெங்களூர் போயிருக்கக் கூடாது சம்பந்தி. ஹைதராபாத் போகணும். நான் வருஷா வருஷம் மூணு நாலு தடவ சும்மா போயிட்டு வருவேன். ஏர்போர்ட்லயே பிரியாணி கிடைக்கும். வீட்ல ஆடிட்டரைப் பாக்கப் போறேன்னு சொல்லுவேன்."

இத்தனை ஆண்டுகளாக நான் பயந்துகொண்டிருந்த பிளாட்டினம் இதுதான். அவர் எந்தப் பெரிய மனிதரையும் சந்திக்கப் பறக்கவில்லை. நான் துண்டும் செய்தித்தாளும் கொண்டுபோனேன், அவர் பொய் கொண்டுபோனார். ஒரு கணம் அவரைப் பிடித்துவிடும்போல இருந்தது. பிறகு அவர் ஒரு கேக்கைக் காகிதத்தில் சுற்றிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிடிக்கவில்லை.

சுவரில், இங்கே விமான அறிவிப்புகள் செய்யப்பட மாட்டா என்று பலகை இருந்தது. நான் அதைப் படித்தேன். அவரிடம் சுட்டிக் காட்டவும் செய்தேன். "நான் எத்தனை தடவ வந்திருக்கேன் சம்பந்தி" என்றார். நாங்கள் வெளியே வந்தபோது, நாற்காலிகளில் மனைவிமார் இல்லை. எங்கள் இருவர் பெயரையும் ஒலிபெருக்கி விமான நிலையம் முழுவதற்கும் வாசித்துக்கொண்டிருந்தது, இறுதி அழைப்பு என்று. அறுபதைத் தாண்டிய இருவர் ஓடினோம். வாசலில் கம்பளத்தைச் சுருட்டி ஓரமாகச் சாத்தியிருந்தார்கள்.

விமானத்துக்குள் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். பெண்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தார்கள். யாரிடமோ கேட்டு மாற்றிக்கொண்டார்களாம். என் மனைவி ஜன்னலோரம். அவள் விரலில் இன்னும் மிளகாய்ப் பொடி ஒட்டியிருந்தது.

"கூப்டாங்க, வந்துட்டோம்" என்றாள். "நீங்க உள்ள கீறீங்களே, உங்கள முதல்ல ஏத்தியிருப்பாங்கன்னு நெனச்சோம்."

பத்து நாள் கழித்து நாலு பேரும் டெல்லியிலிருந்து திரும்பினோம். அங்கேயும் ஒரு லவுஞ்சு, அங்கேயும் வரிசை. பெண்கள் எங்களிடம் கேட்கக்கூட இல்லை. விமான வாசலுக்கு நேர் எதிரே இரண்டு நாற்காலி பிடித்து, பேரன் புகைப்படங்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். சம்பந்தி அட்டையை எடுத்துக்கொண்டு, "வர்றீங்களா?" என்று கேட்டார்.

போனேன்.